உள்நாட்டுப் போரை வரைந்தவர்கள் எங்கே நின்றார்கள்?

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு முகப்பில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி அம்மாவின் போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டி, "சார், இது போர் பத்தின படமாம், உலகமே பேசுற படமாம். ஆனா ஒரு துப்பாக்கிகூட இல்லையே, சண்டை எங்க நடக்குது?" என்று கேட்டாள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது பிக்காசோ வரைந்த குவெர்னிகா அது. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை, ஏனென்றால் அவள் சரியான இடத்தில்தான் கை வைத்திருந்தாள். அவளுக்காகவும், இந்த மாதிரிப் படங்களை முதல் முறையாகப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியவில்லையே என்று நகர்ந்துபோகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் உள்நாட்டுப் போர் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ஒரே நாட்டுக்குள் இரண்டு தரப்பு ஆயுதம் எடுத்து மோதுவது என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் பக்கத்தில் பங்காளிச் சண்டை என்று சொன்னால் இன்னும் சட்டென்று புரியும். ஒரே வளவில், அதாவது ஒரே வீட்டு நடுமுற்றத்தில் வளர்ந்து, முன்னோருக்குச் செய்யும் ஒரே படைப்புக்குக் கூடி, ஒரே இலையில் பரிமாறிச் சாப்பிட்டவர்கள் எதிரெதிரே நிற்பது. இதைத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அழகாகச் சொல்லிவிட்டார். சோழன் நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான், வெளியே முற்றுகை போட்டிருக்கிறவன் நலங்கிள்ளி, அவனும் சோழன். நடுவில் போய் நின்று கோவூர் கிழார் பாடியதுதான் புறநானூற்றின் 45-ஆம் பாட்டு. எதிரே இருப்பவன் பனந்தோடு சூடிய சேரனும் இல்லை, வேப்பந்தார் போட்ட பாண்டியனும் இல்லை, உன் கண்ணியும் (தலைமாலை) சோழரின் ஆத்திப்பூ, அவன் கண்ணியும் ஆத்திப்பூ, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார்.

ஓவியருக்கு இதில் வருகிற சிக்கலை யோசித்துப் பாருங்கள். வேற்று நாட்டோடு நடக்கிற போரை வரைகிறவர் தன் படைக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம். கொடி வேறு, உடை வேறு, நம் ஆள் இந்தப் பக்கம், எதிரி அந்தப் பக்கம். ராஜாக்கள் காசு கொடுத்து வரையச் சொன்ன பெரிய போர் ஓவியங்களில் ராஜா குதிரை மேல் இருப்பார், எதிரி குதிரைக் குளம்புக்குக் கீழே இருப்பான், பார்க்கிற நமக்கு ஒரு குழப்பமும் வராது. இரண்டு பக்கமும் ஆத்திப்பூவாக இருந்தால் வரைகிறவர் எங்கே போய் நிற்பார்? எந்த இடத்தில் நின்றாலும் அது அந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கும். அதனால் உள்நாட்டுப் போரைப் பற்றிய படம் எது கண்ணில் பட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதை வரைந்தவர் எங்கே நின்று வரைந்தார்? எந்த ஊரில், எந்தத் தெருவில், சண்டைக்கு முன்னாலா பின்னாலா, யார் பக்கத்திலிருந்து? கலை வரலாறு ஒன்றும் தெரியாமலே இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நிறைய தூரம் போய்விடலாம்.

ஒரு சின்ன உதாரணத்தோடு தொடங்கலாம், அளவிலும் சின்னது. 1848 ஜூன் மாதம் பாரிஸில் தொழிலாளர்கள் தெருக்கற்களைப் பெயர்த்துத் தடுப்புச் சுவர் எழுப்பி அரசை எதிர்த்தார்கள், அரசு படையை விட்டு அடக்கியது. எர்னஸ்ட் மெய்சோனியே என்ற ஓவியர் அப்போது தேசியக் காவல் படையில் பீரங்கிப் பிரிவுக் கேப்டன், அதாவது சுட்ட பக்கத்து ஆள். சண்டை முடிந்த சந்தில் அவர் பார்த்ததை வரைந்தார். படம் 29 சென்டிமீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் அகலம், நம் ஏ4 தாள் அளவுதான். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர்ந்து கிடக்கும் தெருக்கற்களுக்கு நடுவே உடல்கள் கிடக்கின்றன, எது கல் எது மனிதர் என்று பிரித்தறியக் கொஞ்ச நேரம் ஆகும். வெற்றி பெற்ற பக்கத்தில் நின்ற ஒருவர் வெற்றியை வரையவில்லை என்பதுதான் அதில் என்னை நிறுத்துகிறது.

இப்போது குவெர்னிகாவுக்கு வருவோம். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் 1936 ஜூலையில் தொடங்கி 1939 ஏப்ரலில் முடிந்தது. ஒரு பக்கம் மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசு அரசு, எதிர்ப்பக்கம் ஜெனரல் ஃபிராங்கோவின் தலைமைக்கு வந்த ராணுவக் கிளர்ச்சிக்காரர்கள். ஃபிராங்கோவுக்கு ஹிட்லரின் ஜெர்மனியும் முசோலினியின் இத்தாலியும் விமானங்கள் கொடுத்து உதவின. 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, வடக்கே பாஸ்க் பகுதியில் இருக்கிற குவெர்னிகா என்ற சிறு ஊரில் சந்தை நாள். அந்த மதியம் ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் வந்து மணிக்கணக்காகக் குண்டு போட்டன, ஊர் எரிந்தது. அப்புறம் ஃபிராங்கோ தரப்பு, நாங்கள் போடவில்லை, பின்வாங்கிப் போன குடியரசுக்காரர்களே கொளுத்திவிட்டார்கள் என்று சாதித்தது. சொந்த நாட்டு ஊரின் மேல் குண்டு போட வெளியாளைக் கூட்டிவந்துவிட்டு அதையும் இல்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

பிக்காசோ அப்போது எங்கே நின்றார்? பாரிஸில். ஸ்பெயின்காரர்தான், ஆனால் பிரான்சில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் அரங்குக்கு ஒரு பெரிய படம் வேண்டும் என்று குடியரசு அரசு ஜனவரியிலேயே கேட்டிருந்தது, அவருக்கு என்ன வரைவது என்று பிடிபடாமல் மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. செய்தித்தாளில் குவெர்னிகாவின் செய்தி வந்தது. மே 1 அன்று முதல் கோட்டுப்படங்களைப் போட்டார், ஜூன் தொடக்கத்தில் முடித்துவிட்டார். உயரம் 3.49 மீட்டர், அகலம் 7.76 மீட்டர், நம் வீட்டு வளவின் ஒரு பக்கச் சுவரையே அடைத்துவிடுகிற அளவு. படம் மாறிக்கொண்டே வளர்ந்ததை டோரா மார் என்ற புகைப்படக் கலைஞர் ஒவ்வொரு கட்டமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார், பிள்ளைகளுக்கு அந்தப் புகைப்படங்களையும் காட்டுங்கள். பெரிய ஓவியரும் அழித்து அழித்துத்தான் வரைந்திருக்கிறார் என்று பார்த்தால் ரப்பரை எடுக்க வெட்கப்பட மாட்டார்கள்.

அவர் குவெர்னிகாவைப் பார்த்து வரையவில்லை, செய்தித்தாளைப் பார்த்து வரைந்தார். படம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நடுவில் அலறும் குதிரையின் உடம்பைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அச்செழுத்து வரிசை போலச் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். இடது ஓரத்தில் செத்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தலையை அண்ணாந்து கத்துகிற தாய், அவளுக்கு மேல் ஒரு காளை. கீழே உடைந்த வாளோடு விழுந்து கிடக்கும் ஒருவன், அந்தக் கைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பூ. வலது ஓரத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எரிகிற வீட்டோடு விழுகிற ஒரு பெண். ஒரு ஜன்னலிலிருந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு நீளும் கை. மேலே கண் போல ஒரு மின்விளக்கு. காளை யார், குதிரை யார் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள், தொடக்கத்தில் அது தேவையே இல்லை.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. படத்தில் விமானம் இல்லை, குண்டு இல்லை, ஜெர்மன்காரன் இல்லை, ஃபிராங்கோவின் ஆளும் இல்லை. கீழே இருந்தவர்களுக்குச் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை, வானத்திலிருந்து விழுந்தது, அவ்வளவுதான். பிக்காசோ பாரிஸில் இருந்தாலும் படத்துக்குள் அந்த வீட்டுத் தரையில் போய் நின்றுகொண்டார், அங்கிருந்து பார்த்தால் தெரிவது மட்டும்தான் இதில் இருக்கிறது. இன்னொன்றையும் அவளுக்குச் சொன்னேன்: போர் முடிந்து ஃபிராங்கோ ஜெயித்த பிறகு இந்தப் படம் நியூயார்க்கில் இருந்தது. ஸ்பெயினில் மக்களின் உரிமைகள் திரும்பி வரும் வரை படம் அங்கே போகக்கூடாது என்பது பிக்காசோவின் நிபந்தனை. அவர் 1973-ல் இறந்தார், ஃபிராங்கோ 1975-ல், படம் 1981-ல்தான் ஸ்பெயினுக்குப் போனது. இப்போது மாட்ரிட்டில் ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைந்தவர் ஊருக்குத் திரும்பவே இல்லை, படம் மட்டும் திரும்பியது.

அதே போரை இன்னொரு ஸ்பெயின் ஓவியரான சால்வடோர் டாலி எதிர்த்திசையில் இருந்து, அதாவது முன்கூட்டியே வரைந்தார். போர் வெடிப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1936-ல் வரைந்த படத்தில் ஒரு ராட்சத உடம்பு தன்னையே பிய்த்துக்கொள்கிறது, அதன் கை அதன் மார்பையே கசக்குகிறது, தரையில் வேகவைத்த பீன்ஸ் சிதறிக் கிடக்கிறது. உள்நாட்டுப் போரின் முன்னுணர்வு என்பது அதன் துணைத் தலைப்பு. ஒரே உடம்பு தன்னோடு சண்டை போடுகிறது என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது, ஆனால் டாலியின் படங்களில் எனக்கு எப்போதும் ஒரு தூரம் தெரிகிறது, மனம் அவ்வளவாக ஒட்டவில்லை. ஸ்பெயின்காரர்களிலேயே என்னை உலுக்கியவர் அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய கோயா. வயதான காலத்தில், காது முற்றிலும் கேட்காமல் போன பிறகு, 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் வீட்டுச் சுவர்களின் மேலேயே பதினான்கு படங்களை வரைந்தார். நம் ஊர் வீடுகளிலும் சுவரில் படம் உண்டு, மேல் வரிசையில் சாமி படங்கள், பூக்கொடி, பார்க்கும்போதே மனம் நிறையும். கோயா தன் சுவரில் வரைந்த ஒரு படத்தில் இரண்டு பேர் தடியால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள், முழங்கால் வரை மண்ணில் புதைந்தது போல நிற்கிறார்கள், விலகி ஓட வழியே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே அவர் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்.

அடுத்து அமெரிக்கா. 1861-லிருந்து 1865 வரை வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிக்கொண்டன, அடிப்படைக் காரணம் அடிமை முறை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். புகைப்படக் கருவி போர்க்களத்துக்குப் போன ஆரம்ப காலப் போர்களில் இது ஒன்று, ஆனால் அன்றைய பத்திரிகைகளுக்குப் புகைப்படத்தை அச்சடிக்கத் தெரியாது. அதனால் ஓவியர்களைக் களத்துக்கு அனுப்பி, அவர்கள் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தார்கள். அப்படி ஹார்பர்ஸ் வீக்லி பத்திரிகைக்காகப் போன இருபத்தைந்து வயது இளைஞர் வின்ஸ்லோ ஹோமர்.

ஹோமரின் முதல் எண்ணெய் ஓவியங்களில் ஒன்று 1863-ல் வரைந்தது. மரக்கிளையில் உட்கார்ந்து தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியால் குறி பார்க்கும் ஒரு வீரன். இவன் வடக்குப் படை, ஹோமரின் சொந்தப் பக்கம். யாரைச் சுடப்போகிறான் என்று படத்தில் தெரியாது, சுடப்படப் போகிறவனுக்கும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து ஒரு கடிதத்தில் ஹோமர் தானே அந்தத் துப்பாக்கி வழியாக ஒரு முறை பார்த்ததைச் சொல்லி, ராணுவத்தில் தான் கண்டவற்றில் கொலைக்கு இவ்வளவு அருகில் வந்தது வேறு எதுவும் இல்லை என்று எழுதினார். இதைத் தெரிந்துகொண்டு படத்தைத் திரும்பப் பார்த்தால் அந்த வீரனின் அமைதி வேறு மாதிரித் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் 1865-ல், போர் முடிந்த சில மாதங்களிலேயே வரைந்த படம். நம் ஊர் வீடுகளின் முகப்புக்கு மேலே துப்பாக்கி பிடித்த சிப்பாய்ச் சுதை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், விறைப்பாக, நம்மை நேராகப் பார்த்தபடி. சிப்பாய் என்றாலே நம் மனதில் அந்த உருவம்தான் வரும். ஹோமரின் சிப்பாய் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வெள்ளைச் சட்டை, ஆளுயரத்துக்குக் கோதுமை, கையில் நீள அரிவாள், அறுத்துக்கொண்டே போகிறான். வானம், கதிர், ஆள், வேறொன்றும் இல்லை. இது போர்ப்படம் என்று எப்படித் தெரியும்? வலது கீழ் மூலையில் அறுத்த கதிர் மேல் அவன் கழற்றிப்போட்ட ராணுவச் சட்டையும் தண்ணீர்க் குடுவையும் கிடக்கின்றன. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்துவிட்டான், சட்டையைக் கழற்றிவிட்டான், அறுவடை நடக்கிறது, ஆனால் போன வருஷம் வரை அந்தக் கை வேறு எதையோ அறுத்துக்கொண்டிருந்தது என்பது அந்த முதுகில் தெரிகிறது. அன்றைக்கு அமெரிக்க விவசாயிகள் பயன்படுத்திய அரிவாளில் கதிரைத் தாங்கிப் பிடிக்கும் மரச்சட்டம் இருக்கும், ஹோமர் அதை வரைந்துவிட்டு அப்புறம் வண்ணம் பூசி மறைத்துவிட்டு ஒற்றை அலகு மட்டும் வைத்தார். மேற்கத்திய ஓவியங்களில் சாவை எலும்புக்கூடாக வரைந்தால் அதன் கையில் இருப்பதும் அதே ஒற்றை அலகு அரிவாள்தான். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் அழித்த சட்டத்தின் தடம் இன்னும் மங்கலாகத் தெரியும், பாருங்கள்.

சரி, புகைப்படம் இருக்கும்போது ஓவியம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு, புகைப்படம் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்களும் உண்டு. 1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டியட்டம் என்ற இடத்தில் நடந்த சண்டையில் ஒரே நாளில் இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 23,000 பேர். அங்கே அலெக்ஸாண்டர் கார்ட்னர் எடுத்த படங்களை அடுத்த மாதமே மாத்யூ பிரேடி நியூயார்க்கில் தன் புகைப்படக் கூடத்தில் வைத்தார், வீட்டு வாசலில் பிணத்தைக் கொண்டுவந்து கிடத்தியது போல மக்கள் அதிர்ந்தார்கள். அந்தக் காலக் கருவிக்கு ஒரு படம் பிடிக்கப் பல விநாடிகள் ஆகும், ஓடுகிறவனும் சுடுகிறவனும் மங்கிப்போவார்கள். அசையாமல் இருந்தவர்கள் இறந்தவர்கள் மட்டும்தான், அதனால் கேமரா அவர்களைப் படம் பிடித்தது. அதே கார்ட்னர் அடுத்த ஆண்டு கெட்டிஸ்பர்க் களத்தில் ஒரு இளம் வீரனின் உடலைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டுபோய், பாறைகளுக்கு நடுவே வைத்து, பக்கத்தில் ஒரு துப்பாக்கியைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார். அது சுமார் நூறு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. இறந்த பிள்ளையின் உடலை நல்ல படத்துக்காக நகர்த்துவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஆனால் ஹோமரிடமும் கார்ட்னரிடமும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. போர் யாரைப் பற்றியதோ அந்தக் கறுப்பின மக்கள் அன்றைய பத்திரிகைப் படங்களில் ஓரத்தில்தான் வருவார்கள், பல படங்களில் இருக்கவே மாட்டார்கள். 2005-ல் காரா வாக்கர் என்ற கறுப்பினப் பெண் ஓவியர் ஹார்பர்ஸ் வெளியிட்ட போர்ச் சித்திரங்களையே எடுத்துப் பெரிதாக்கி, அவற்றின் மேல் தன் கறுப்பு நிழலுருவங்களை அச்சடித்தார், மொத்தம் பதினைந்து படங்கள். பழைய படத்தில் தளபதிகளும் கூடாரங்களும் அப்படியே இருக்க, நடுவில் ஒரு பெண்ணின் தலையோ ஒரு சிறுவனின் உடலோ முழுச் சித்திரத்தையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது. 140 ஆண்டுகள் கழித்து வந்து, நான் அன்றைக்கு நின்ற இடம் இது என்று சொல்வது போல இருக்கும். இதனால்தான் படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் இல்லை என்பதையும் பார்க்கச் சொல்கிறேன்.

காலம் கழித்து வரைவது எப்போதும் இப்படி இருக்காது. இங்கிலாந்தில் 1640-களில் ராஜாவின் ஆட்களும் பாராளுமன்றத்தின் ஆட்களும் மோதிக்கொண்ட போரை வில்லியம் யீம்ஸ் 1878-ல் வரைந்தார். நீல உடுப்புப் போட்ட ஒரு சின்னப் பையனை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் விசாரணைக்காரர்கள், உன் அப்பாவைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்கிறார்கள். பையன் பொய் சொன்னால் பாவம், உண்மை சொன்னால் அப்பா மாட்டிக்கொள்வார். கதை நன்றாகப் பிடிபடும், சின்னப் பிள்ளைகளுக்கு இதிலிருந்தே தொடங்கலாம், ஆனால் இருநூறு ஆண்டு தூரத்தில் எல்லாம் நாடக மேடை போலத் துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது.

இனி நமக்குப் பக்கத்தில் நடந்தது. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இலங்கை அந்நிய நாடு இல்லை. கொழும்பில் செட்டியார் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது, கதிரேசன் கோயில்கள் இருக்கின்றன, ஆடிவேல் திருவிழா எடுத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். போரில் தப்பிப் படகில் வந்தவர்களை முதலில் வைத்த மண்டபம் முகாம் இங்கிருந்து பஸ்ஸில் சில மணி நேரம்தான். 1983 ஜூலையில் தொடங்கி 2009 மே வரை அந்தப் போர் நடந்தது. பிக்காசோவைத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தப் போரை வரைந்தவர்களைத் தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சந்திரகுப்த தேனுவர சிங்கள ஓவியர், கொழும்பில் இருப்பவர். அவர் நின்ற இடம் சோதனைச்சாவடி. போர்க்காலக் கொழும்பில் தெருவுக்குத் தெரு தார் பீப்பாய்களை அடுக்கி, ராணுவத் திட்டுத்திட்டு வண்ணம் பூசி வைத்திருப்பார்கள், கொஞ்ச நாளில் ஜனங்களுக்கு அது பழகிப்போனது, பூந்தொட்டி போல. 1997-ல் அவர் அந்தப் பீப்பாய்களையே கண்காட்சியில் கொண்டுவந்து வைத்தார், அதற்குப் பேரலிசம் என்று பெயர் கொடுத்தார், பேரல் என்றால் பீப்பாய். ரத்தம் இல்லை, பிணம் இல்லை, தினமும் கடந்துபோகிற ஒரு பொருளைத் திரும்பப் பார்க்க வைத்தார். 1983 ஜூலை வன்முறையை நினைத்து ஆண்டுதோறும் ஜூலை 23-ஐ ஒட்டிக் கண்காட்சி வைக்கிற வழக்கத்தை அவர் தொடர்ந்து வைத்திருந்தார். ஆளும் பெரும்பான்மையில் பிறந்து, அதற்குள்ளேயே நின்று அதைக் கேள்வி கேட்கிற வேலை அது.

யாழ்ப்பாணத்திலிருந்து தா. சனாதனன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர், ஓவியர். 1981-ல் எரிக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்களை இழந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 2004-ல் அகம் புறம் என்ற கண்காட்சி நடந்தது, அதில் அவர் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து மக்கள் கொடுத்த சாதாரணப் பொருட்களைச் சேகரித்து அடுக்கிவைத்தார். அருங்காட்சியகத்தில் ராஜா வாளுக்குத் தருகிற மரியாதையை ஒவ்வொரு வீட்டிலும் மிஞ்சிய பொருளுக்குத் தந்தார்.

அவருடைய இன்னொரு வேலையைத்தான் நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-ல் தி இன்கம்ப்ளீட் தோம்பு என்று ஒரு புத்தகமாக வந்தது, முடிவுறாத தோம்பு என்று பொருள் சொல்லலாம். தோம்பு என்பது போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் அங்கே வைத்திருந்த நிலப்பதிவேடு, யாருக்கு எங்கே எவ்வளவு காணி என்று எழுதிவைப்பது. சனாதனன் போரில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் 80 பேரிடம் போய், நீங்கள் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். கட்டடக் கலை தெரியாதவர்கள் கையால் போட்ட கோடுகள் அவை. ஒரு கட்டடக் கலைஞர் அதை அளவான வரைபடமாகப் போட்டுத் தந்தார், அப்புறம் அவர்கள் சொன்ன நினைவிலிருந்து சனாதனன் தன் படத்தை வரைந்தார். ஒரே வீடு மூன்று கைகளில் மூன்று மாதிரி வருகிறது. அரசாங்கப் பதிவேடு மாதிரி நேர்த்தியாகக் கட்டிய புத்தகம், ஆனால் அதில் பதிவாகியிருப்பது பல நேரங்களில் இப்போது இல்லாத வீடு. 1995 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே காலி செய்துகொண்டு நடந்தது, அதற்கு ஐந்து ஆண்டு முன்பு வடக்கிலிருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள், அதற்கும் முன்பும் பின்பும் எத்தனையோ தடவை. அப்படிப் போனவர்கள் கையில் எடுத்துக்கொண்டுபோக முடிந்தது வீட்டின் நினைவைத்தான்.

இதில் சனாதனன் தான் நின்ற இடத்தையே மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். முதல் கோட்டை அவர் போடவில்லை, இழந்தவர் போடுகிறார். இத்தனை படங்களைப் பார்த்த பிறகு எனக்கு இதுதான் மிகவும் நியாயமான இடம் என்று தோன்றுகிறது.

போன வாரம் வகுப்பில் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அவரவர் ஐயா (தாத்தா) வீட்டை நினைவிலிருந்து போடச் சொன்னேன். எல்லோரும் முகப்பிலிருந்துதான் தொடங்கினார்கள். திண்ணை, தூண், நிலைக்கதவு, வளவு, பட்டாலை, அப்புறம் பின்பக்கத்து இரண்டாங்கட்டு வரும்போது பாதிப் பேருக்குக் கோடு குழம்பிவிட்டது. நாங்கள் வகுப்பு நடத்துகிற வீட்டு ஆச்சி தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, நானும் ஒண்ணு போடட்டுமா?" என்று கேட்டு ஒரு தாளை வாங்கிக்கொண்டார். அவர் பிறந்த வீடு இப்போது இல்லை. பங்காளிகள் கையெழுத்துப் போட்டுப் பிரித்து விற்றுவிட்டார்கள், தூண் ஒரு கடைக்கு, நிலை ஒரு கடைக்கு. ஒரே ராத்திரியில் விட்டு ஓடியவர்களின் வீட்டோடு இதை ஒன்றாக வைக்கக்கூடாது, அதையும் பிள்ளைகளிடம் சொன்னேன்.

ஆச்சி கிணற்றிலிருந்து தொடங்கினார். முதலில் ஒரு வட்டம், அதன் பக்கத்தில் துவைகல், அப்புறம் அடுப்படி, அதில் மூன்று அடுப்பு, உரல், ஊறுகாய் ஜாடி வைக்கிற அறை, மூன்றாங்கட்டு, இரண்டாங்கட்டு என்று பின்னாலிருந்து முன்னால் வந்தார். வளவுக்கு வரும் வரை பென்சில் நிற்கவில்லை, எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் நடுவில் தொட்டில் கட்டுவார்கள் என்பது வரை போட்டார். வளவைத் தாண்டியதும் நின்றுவிட்டார். தாளின் மேல் பாதி வெள்ளையாகக் கிடந்தது.

குவெர்னிகாவைக் கொண்டுவந்த அந்தப் பெண்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, முகப்பு எங்க?" என்று கேட்டாள்.

"முகப்புல ஆம்பளைக உக்காந்திருப்பாக ஆத்தா, நாங்க அங்க நின்னதே இல்லை," என்று சொல்லிவிட்டு ஆச்சி பென்சிலை அவள் கையில் கொடுத்தார்.